நாய்க்குட்டிக்கும் ரசீது வேண்டும்

மலாக்காவில் தெங்கேராவிலும் சரி, ஜாசின் பக்கத் தோட்டங்களிலும் சரி, நாய்க்குட்டி வாங்கப் போகிறவர் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: என்ன சாதி, எத்தனை வெள்ளி? தடுப்பூசி அட்டையைக் கேட்பவர் குறைவு; ரசீது கேட்பவர் அதைவிடக் குறைவு. வீட்டுக்கு வந்த சில நாளில் குட்டி சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுத்து, வாந்தியெடுத்து, இரத்தமாகக் கழியும்போதுதான் அந்த இரண்டு தாள்களின் அருமை தெரியும்.

இப்படிப்பட்ட நேரத்தில் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது பார்வோ வைரஸை. தொற்றிய பிறகு அறிகுறி தெரிய 3 முதல் 7 நாள் ஆகலாம். ஆகவே கடையிலேயே நோய் பிடித்த குட்டிகூட வாங்கும் அன்று துள்ளி விளையாடும். வழக்கமான சிகிச்சை என்பது டிரிப் ஏற்றி, வாந்தியை அடக்கி, உடம்பு தானே போராடி மீளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான். அதுவும் கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

தடுப்பூசிக்கு ஆகும் செலவு இந்தச் சிகிச்சைச் செலவில் ஒரு சிறு பங்கு. 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி. பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும்வரை. “ஒரு ஊசி போட்டாச்சு, கவலைப்படாதீங்க” என்று விற்பவர் சொன்னால் நம்பிவிட வேண்டாம். தாய்ப்பால் வழியே வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் மிச்சமிருந்தால் ஊசி மருந்தையும் அது முறித்துவிடும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டுக்கு உடனே அடுத்ததைக் கொண்டுவருவதும் ஆபத்து. மண்ணில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும். சவர்க்காரத்துக்கு அசையாது. சிமெண்டுத் தரையை முதலில் நன்றாகக் கழுவி, ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி ஊறவிட வேண்டும்.

பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? முடியும். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விற்பனைப் பொருள் என்பதில் விலங்குகளையும், மீனைக்கூட, சேர்த்திருக்கிறது. நோயோடு விற்ற கடைக்காரர்மேல் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஆனால் குட்டிக்கு வாங்கும்போதே நோய் இருந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். ரசீது, விற்பவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், மருத்துவரின் பரிசோதனை முடிவு மூன்றும் கையில் இருக்கட்டும். மருத்துவரின் கவனக்குறைவு பற்றிய புகார் வேறு வழியில் போகும்: 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு. பதிவு இல்லாதவர் மருத்துவம் பார்ப்பதே குற்றம்.

சட்டம் நம்மையும் விட்டுவைக்கவில்லை. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் விலங்கு நலச் சட்டம், வளர்ப்புப் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது வளர்ப்பவரின் கடமை என்கிறது. கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். லயத்து வீட்டுக்குப் பின்னால் சங்கிலியில் கட்டிய நாய், காதுக்குள் உண்ணி மொய்க்க எலும்பாகிக் கிடப்பதைப் பார்த்தும் “நாய்தானே” என்று கடந்து போகிறோமே, அது வெறும் மனச்சாட்சி விவகாரம் அல்ல. பலரும் இன்னும் ஜபாத்தான் ஹைவான் என்றே சொல்லும் கால்நடை சேவைத் துறையிடம் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம்.

பூனை வளர்ப்பவர்கள் ஒரு புண்ணைக் கவனியுங்கள். மூக்கிலோ காதிலோ பாதத்திலோ வந்து ஆறாமல் நீர் கசிந்தால் அது ஸ்போரோத்ரிக்ஸ் என்னும் பூஞ்சையாக இருக்கலாம். மலேசியாவில் மனிதர்களுக்கு இது பெரும்பாலும் பூனைக் கீறலால்தான் வருகிறது. கீறிய இடத்தில் ஒரு கட்டி, பிறகு கைநெடுக வரிசையாகக் கட்டிகள். மஞ்சள் பூசி ஆறுகிற சங்கதி அல்ல. பூனைக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுக்க வேண்டும். புண் ஆறிவிட்டதுபோல் தெரிந்தவுடன் நிறுத்தினால் திரும்ப வரும். மருந்து கொடுப்பவர் கையுறை போடட்டும். உங்களுக்குக் கட்டி வந்தால், வீட்டில் பூனை இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடும்.

வெறிநாய்க்கடி மலாக்காவுக்குத் தூரத்துச் செய்தியாகவே இருந்துவருகிறது. ஆனால் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-இல் சரவாக்கிலும் நோய் தலைகாட்டியது. சரவாக்கில் அதன்பின் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். நாயோ பூனையோ கடித்தால் குழாயைத் திறந்துவிட்டு, சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி வேண்டுமா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். கால்நடை சேவைத் துறைக்குச் சொல்லிப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்தால், அத்தனை நாளும் அது நலமாக இருப்பதே கடிபட்டவருக்கு அந்தக் கடியால் நோய் தொற்றவில்லை என்பதற்குச் சான்று.