வரகுக்கு மீண்டும் ஓர் இடம்

ஆலங்குடி வட்டாரத்துச் செம்மண் மேட்டு நிலங்களில் முன்பெல்லாம் வரகு விளைந்தது. இன்று அந்நிலங்களில் தைலமரம் நிற்கிறது. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்களிடம் தென்னையும் வாழையும் நிற்கின்றன. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல், தென்னையை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களை என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். கிணறு இல்லாதவர்களின் நிலமோ பல இடங்களில் தரிசாகக் கிடக்கிறது.

வரகைப் பற்றிப் பேசினால் உழவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "விளைத்தால் உண்பவர் யார், வாங்குபவர் யார்?" இது நியாயமான கேள்வி. தொல்லியல், சூழலியல், மருத்துவம், சமூகக் கொள்கை ஆகிய துறைகளில் அண்மையில் நடந்த ஆராய்ச்சிகள் இதற்கு என்ன விடை தருகின்றன என்று பார்ப்போம்.

தொல்லியல் கூறுவது

அகழாய்வில் எடுத்த மண்ணை நீரில் கரைத்தால், கரிந்த தானியங்கள் மேலே மிதக்கும். அவற்றைச் சேகரித்து உருப்பெருக்கியில் பார்த்து இன்ன பயிர் என்று கண்டறிகிறார்கள். கர்நாடகம், ஆந்திரப் பகுதிகளின் புதிய கற்கால ஊர்களில் இவ்வாறு ஆராய்ந்தபோது, தென்னிந்தியாவின் மிகப் பழைய வேளாண்மை சிறுதானியத்துடன் கொள்ளும் பாசிப்பயறும் சேர்ந்த வேளாண்மை என்று தெரியவந்தது. தமிழ்நாட்டில் பழனிக்கு அருகே பொருந்தலில் ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. நம் மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையிலும் 2021 முதல் அகழாய்வுகள் நடந்துள்ளன.

நெல்லும் பழையதே. ஆனால் மானாவாரி நிலத்தில் தானியமும் பயறும் கூட்டாக நிற்பது அதைவிடப் பழைய முறை.

சூழலியல் கூறுவது

இந்தியாவில் நெல் விளையும் இடங்களில் பொருத்தமான பகுதிகளில் மக்காச்சோளம், கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றைப் பயிரிட்டால் பாசன நீர்த் தேவை 33 சதம் குறையும் என்றும், கிடைக்கும் இரும்புச்சத்து 27 சதம் கூடும் என்றும் 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அக்கணக்கில் வரகு சேரவில்லை. எனினும் மழையை மட்டும் கொண்டு விளையும் பயிர் என்பதால் வரகுக்கும் அதன் கருத்து பொருந்தும்.

மருத்துவம் கூறுவது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியாயிற்று. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என்றும், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதம் பேருக்கு உள்ளது என்றும் அது கூறியது. சிறுதானியங்களைப் பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான கட்டுரை, அவற்றைத் தொடர்ந்து உண்ட நீரிழிவு நோயாளிகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரி 12 சதம் குறைந்தது என்கிறது. ஆனால் தவிடு முழுவதும் போகத் தீட்டினால் இப்பயன் குறைந்துவிடும். வரகு உண்பதால் மருந்தை நிறுத்திவிடலாகாது.

எச்சரிக்கை

2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் இறந்தன. அவை வரகுப் பயிரை ஏராளமாக மேய்ந்திருந்தன. ஆய்வில் சைக்ளோபியசோனிக் அமிலம் என்னும் நச்சு காணப்பட்டது. இது வரகுக்கே உரிய நஞ்சன்று. ஈரத்தில் கதிரைப் பற்றும் பூசணத்தின் நஞ்சு. மழையில் நனைந்த வரகை உண்டு மயங்கியவர்களைப் பற்றி நம் முதியோரும் சொல்வார்கள்.

ஆடியில் விதைத்தால், 110 நாளில் முதிரும் இரகம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அறுவடைக்கு வந்து சிக்கிக்கொள்ளும். ஆவணிக் கடைசி அல்லது புரட்டாசி முதல் மழையில் விதைத்தால் மார்கழி, தையில் வெயில் கண்டு அறுக்கலாம். நனைந்த கதிர்களைக் குவித்து வைக்கக் கூடாது. ஈரப்பதம் 12 சதத்துக்கு மிகாமல் உலர்த்திய பிறகே சேமிக்க வேண்டும். பூசணம் பிடித்த தானியத்தையோ வைக்கோலையோ மாட்டுக்கும் போடலாகாது.

சாகுபடி

அத்தியந்தல் 1, கோ 3 ஆகியவை ஏற்ற இரகங்கள். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். கை விதைப்புக்கு 5 கிலோ தேவை. கடைசி உழவில் 5 டன் தொழு உரம் இடவேண்டும். ஏக்கருக்கு 18 கிலோ தழைச்சத்தும் 9 கிலோ மணிச்சத்தும் தேவை. அதாவது யூரியா சுமார் 40 கிலோ, சூப்பர் பாஸ்பேட் சுமார் 56 கிலோ. சூப்பர் முழுவதையும் யூரியாவில் பாதியையும் அடியுரமாகவும், மீதி யூரியாவைக் களை எடுத்தபின் ஈரம் பார்த்தும் இடலாம். எட்டு வரிசை வரகுக்கு இரண்டு வரிசை துவரை ஊடுபயிராக வருவது நல்லது. ஏற்ற துவரை இரகத்தை அருகிலுள்ள வம்பன் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையத்தில் கேட்டறியலாம்.

வாங்குபவர் யார்?

வரகு மறைந்ததற்கு உழவர் மட்டும் காரணமல்லர். 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. வரகையோ பெண்கள் உரலில் குத்தி அரிசியாக்க வேண்டியிருந்தது. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. ஆனால் மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் சோளமும் கம்பும் கேழ்வரகும் உள்ளனவே தவிர வரகு இல்லை. சத்தீஸ்கர் மாநிலம் 2021இல் வரகுக்குக் குவிண்டாலுக்கு 3,000 ரூபாய் விலை வைத்துக் கொள்முதல் செய்தது. இங்கும் அது வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

அதுவரை முழு நிலத்திலும் வரகு போடச் சொல்வது பொறுப்பான அறிவுரையாகாது. தரிசாகக் கிடக்கும் அரை ஏக்கரில் தொடங்குங்கள். முதல் ஆண்டு வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் உமி நீக்கும் இயந்திரம் ஒன்றைக் கூட்டாக வாங்கலாம்; வரகாக விற்பதைவிட அரிசியாக விற்பதில் வருவாய் கூடும். கோபுரக் கலசத்தில் வரகை இட்டுக் காத்தவர்கள் நம் முன்னோர். அதற்கு வயலிலும் அரை ஏக்கர் இடம் கொடுப்போம்.