வெள்ளைப் புள்ளியா? மருந்துக்கு முன் உற்றுப் பாருங்கள்

தொட்டியில் வளரும் கோமாளி மீன் போன்ற கடல் வண்ண மீன்களில் வெள்ளைப் புள்ளி கண்டதும் மயில்துத்தம் கரைத்து விடுவோர் உண்டு. நோய் இன்னதென அறியாமல் இப்படிச் செய்வது நட்டத்தில் முடியும்.

உப்புத்தூள் தூவியது போலப் புள்ளிகள் உடலெங்கும் பரவும், மீன் கல்லில் உரசும், வேகமாக மூச்சு வாங்கும், இரை எடுக்காது. இது கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணியின் வேலை. சில நாட்களிலேயே மீன்கள் சாகலாம். தனித்தொட்டியில் அளவறிந்து மருந்திட வேண்டும்.

புள்ளிகள் பெரும்பாலும் துடுப்பில் தோன்றி, மெல்லப் பெருத்துக் காலிபிளவர் போல முடிச்சாகி, மீனும் வழக்கம்போல் இரை எடுத்தால், அது லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். முடிச்சில் சிறிது சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வீங்கிப் பருத்த செல்கள் தெரியும். ஐயமிருந்தால் ஆய்வுக்கூடத்தில் பி.சி.ஆர். சோதனை செய்யலாம்.

இந்த வைரசுக்கு மருந்தில்லை. மயில்துத்தம் இதைத் தீர்க்காது. அளவு மிஞ்சினால் மீனையே கொல்லும். நோயுற்ற மீனைப் பிரித்து, நீரைச் சுத்தமாக வைத்து, நெரிசலைக் குறைத்து, சத்தான இரை கொடுத்தால் முடிச்சுகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தாமே உதிர்ந்துவிடும். புதிதாக வாங்கிய மீன்களை 30 நாட்கள் தனியே வைத்துக் கவனித்த பிறகு மற்றவற்றுடன் சேர்ப்பது நல்லது.