மார்பகச் சீரமைப்புக்கு உங்கள் உடலின் கொழுப்பு

புற்றுநோய்க் கட்டியை அகற்றிய பின் மார்பகத்தில் ஏற்படும் குழிவையும், பிறவியிலேயே உள்ள அளவு வேறுபாட்டையும் நோயாளியின் சொந்தக் கொழுப்பைக் கொண்டே சீரமைக்கலாம்.

வயிறு அல்லது தொடையிலிருந்து மெல்லிய குழாய் வழியே கொழுப்பு உறிஞ்சி எடுக்கப்படுகிறது. இரத்தமும் நீரும் பிரிக்கப்பட்ட பின், அது சிறு சிறு அளவாக மார்பகத்தில் செலுத்தப்படுகிறது. அவ்வாறு செலுத்தினால்தான் சுற்றியுள்ள திசுவிலிருந்து இரத்த ஓட்டம் கிடைத்து, கொழுப்பு நிலைக்கும். ஒரு பகுதி சில மாதங்களில் கரைந்துவிடும். எனவே 2 அல்லது 3 முறை சிகிச்சை தேவைப்படலாம். புகைப்பழக்கம் கொழுப்பு நிலைப்பதைக் குறைக்கும்.

நிலைக்காத கொழுப்பு சிறு கட்டியாகவோ, எண்ணெய் நிறைந்த நீர்க்கட்டியாகவோ, சுண்ணாம்புப் படிவாகவோ மாறக்கூடும். இவை தீங்கற்றவை. ஆயினும், புதிதாகக் கட்டி தென்பட்டால் ‘செலுத்திய கொழுப்புதானே’ என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். புற்றுநோய் திரும்பிவிட்டதென்று அஞ்சவும் வேண்டாம். தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். மேமோகிராம், ஸ்கேன், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை ஆகியவை உண்மையைத் தெளிவுபடுத்தும். மேமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் கொழுப்பு செலுத்தப்பட்டதைத் தெரிவியுங்கள்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018இல் மார்பகச் சீரமைப்புக்கான இலவசச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. கோடம்பாக்கத்தில் வசிப்போர் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசனையும் பரிந்துரைக் கடிதமும் பெற்றுச் செல்லலாம்.