வலி நின்றால் பல் பிழைத்தது என்று அர்த்தமில்லை

மூன்று நாளாகத் தூக்கமில்லை. கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்தே பொழுது விடிகிறது. கிராம்பை வைத்துக் கடித்தாயிற்று; மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையையும் போட்டாயிற்று. நான்காம் நாள் எழுந்தால் வலியே இல்லை. ‘அப்பாடா, சரியாகிவிட்டது’ என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் எண்ணத்தைக் கைவிடுகிறோம். பல் விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு அந்த நான்காம் நாளில்தான் நடக்கிறது.

வலி ஏன் நின்றது?

பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதில் உயிரணு கிடையாது. குழி விழுந்தால் தோல் போலத் தானாக வளர்ந்து மூடிக்கொள்ளாது. நரம்பும் இல்லாததால், சொத்தை எனாமலோடு நிற்கும்வரை நமக்கு ஒன்றும் தெரியாது. அதற்கடுத்த டென்டினுக்கு இறங்கிய பிறகுதான் ஐஸ் தண்ணீர் கூசும், இனிப்பு பட்டால் சுரீரென்னும். அந்தக் கட்டத்தில் போனால் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்துவிடலாம். பெரும்பாலும் ஒரே நாள் வேலை.

தள்ளிப்போட்டால், பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பகுதியைக் கிருமி எட்டுகிறது. இரவில் படுத்ததும் விண்விண்ணென்று தெறிப்பது அப்போதுதான். கடைசியில் நரம்பு செத்துப்போகிறது, வலி நிற்கிறது. கிருமி மட்டும் நிற்பதில்லை. வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகிறது. அதன்பின் வேர் சிகிச்சையும் அதற்கு மேல் கேப்பும் தேவைப்படும். அதுவும் முடியாத நிலையில் பல்லை எடுக்க வேண்டியதுதான்.

கைவைத்தியத்துக்கு ஓர் எல்லை

கிராம்பில் உள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்வது உண்மை. தற்காலிக அடைப்புக்குப் பல் மருத்துவர்களே அதைச் சேர்த்த மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உள்ளே இறங்கிய சொத்தையை அது ஆற்றாது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அதக்கி வைத்தால் ஈறு வெந்துபோகும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தானாக எடுத்துப் போடக் கூடாது. வீங்கிய கன்னத்துக்கு வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்.

வீக்கம் கண்ணை நோக்கி ஏறினாலோ, தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினாலோ, காய்ச்சலோடு வாய் திறக்கவும் விழுங்கவும் சிரமம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சுக்குழலையே அடைக்கக்கூடிய வீக்கம் அது. அந்த இரவே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

இரவு துலக்குவதுதான் முக்கியம்

சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் அமிலத்தைக் கக்குகின்றன. அதை உமிழ்நீர் சரிசெய்ய அரை மணி நேரமாவது ஆகும். அதனால் எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்பவரைவிட, பிஸ்கட்டும் டீயுமாக நாளெல்லாம் கொறிப்பவருக்குத்தான் சொத்தை சீக்கிரம் வரும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால், துலக்காமல் படுத்தால் அமிலத்துக்கு இரவு முழுவதும் கொண்டாட்டம்.

மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், இரண்டு நிமிடம், ஈறோரம் சாய்த்துச் சிறு வட்டமாகத் தேய்ப்பது: இவ்வளவு போதும். துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரால் நிறையக் கொப்பளிக்காமல் விட்டால் ஃபுளோரைடு பல்லில் தங்கும். 3 மாதத்துக்கு ஒரு முறை பிரஷை மாற்றுங்கள். சாம்பலும் செங்கல் தூளும் எனாமலைத் தேய்த்துவிடும். பல்லிடுக்கில் சிக்கிய கறி நாரை ஊக்காலும் தீக்குச்சியாலும் குத்துவதை விட்டு, அதற்கென்று கிடைக்கும் நூலை வாங்கி வையுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பலருடைய பல்லில் காணும் பழுப்புக் கறை நிலத்தடி நீரிலுள்ள அதிக ஃபுளோரைடால் வந்தது. அது சொத்தை இல்லை; அழுத்தித் தேய்த்தாலும் போகாது.

‘க்ளீன் செய்தால் பல் ஆடும்’

இப்படிச் சொல்லாத ஊரில்லை. உண்மையில் பல்லை ஆட வைப்பது ஈறோரம் கல்லாக இறுகிப்போன காரைதான். அது ஈறையும் எலும்பையும் கரைத்துவிட்டுத் தானே பல்லுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதை எடுத்ததும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. துலக்கும்போது ரத்தம் வந்தால் அது ஈறு நோயின் ஆரம்பம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் முக்கியம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படாது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதும் வெறும் பயமே. பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பில்லை.

ஆறு வயதில் முளைக்கும் பல்

குழந்தைக்குச் சுமார் ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால், அதுவும் பால் பல்தான், விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் ஒரே ஒரு முறை வரும் பல். பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்க விடுவதையும் நிறுத்துங்கள்.

விளையாடும்போது நிரந்தரப் பல் முழுசாக விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்துப் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஓடுங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு.

நாற்காலியில் உட்காரும் முன்

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, இதய நோய், சர்க்கரை, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் உண்டா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பல் எடுத்தபின் பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். ஒரு நாள் முழுவதும் கொப்பளிப்பது, துப்புவது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, புகைப்பது எதுவும் கூடாது. குழியை மூடிய ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும்.

புகையிலை, பாக்கு போடுபவர்கள் வாயில் வெள்ளைத் திட்டோ இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால், அது வலிக்காவிட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. உங்கள் வாயில், முன்பு வலித்து இப்போது சும்மா இருக்கும் பல் ஏதாவது உண்டா? முதலில் அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.