பொதுச் சொத்து வேண்டாம் என்ற நண்பர்

தின்று குடித்துக் களிப்பதே வாழ்க்கை என்று போதித்தவர் கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உயிரோடு இருந்தபோதே வந்துவிட்ட கெட்ட பெயர் அது. பரப்பியவர்களில் முக்கியமானவர், பிணங்கிக்கொண்டு போன பழைய மாணவர் டிமோகிரட்டீஸ். உண்மையில் எபிக்யூரஸுக்கு ரொட்டியும் தண்ணீரும் போதும். என்றைக்காவது விருந்து சாப்பிட ஆசை வந்தால், ஒரு சிறு பானை பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பருக்கு எழுதுவாராம்!

கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். முப்பத்தைந்து வயதுவாக்கில் ஏதென்ஸில் ஒரு தோட்டம் வாங்கி, அங்கேயே நண்பர்களோடு கூடிப் படித்தார். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமிருந்தது. அந்த வட்டத்தைச் சேர்ந்த லியோன்டியன் என்ற பெண், அரிஸ்டாட்டிலின் வாரிசான தியோஃபிராஸ்டஸையே மறுத்து நூல் எழுதினார். பின்னாளில் ரோமானிய அறிஞர் சிசரோ அதை எரிச்சலோடு குறிப்பிட்டார். நடை நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

தத்துவம் கற்க வயது பார்க்கக் கூடாது, கற்பதே மகிழ்ச்சிக்காகத்தானே என்பது எபிக்யூரஸின் கட்சி. மகிழ்ச்சியாக இருக்க இன்னும் நேரம் வரவில்லை என்றோ, நேரம் கடந்துவிட்டது என்றோ யாராவது சொல்வார்களா என்று கேட்டார்.

நண்பர்களின் உடைமை எல்லாம் பொது என்றவர் பித்தகோரஸ். எபிக்யூரஸ் அதை ஏற்கவில்லை. சொத்தைப் பொதுவில் போடச் சொல்வதே அவநம்பிக்கை. நம்பாதவர்கள் நண்பர்களே அல்ல என்றார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நண்பர் செய்கிற உதவியைவிட, கேட்டால் செய்வார் என்ற தெம்புதான் பெரிது என்பது அவர் எண்ணம். மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

72ஆம் வயதில் சிறுநீர்க்கல் அவரைக் கொன்றது. கடைசி நாளில் நண்பர் ஐடோமேனியஸுக்கு எழுதிய கடிதத்தில், வலி தாங்க முடியவில்லை, ஆனாலும் நாம் பேசிய பேச்சுகளின் நினைவு அதற்கு ஈடுகொடுக்கிறது என்கிறார். ஏற்கெனவே இறந்துவிட்ட நண்பர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறார். இந்த மெட்ரோடோரஸ் யார் தெரியுமா? அவதூறு பரப்பிய அதே டிமோகிரட்டீஸின் உடன்பிறந்தவர்.

உயிலில் அடிமைகள் சிலருக்கு விடுதலை தந்தார். ஆனால் மெட்ரோடோரஸின் மகளுக்குத் தோட்டத்துப் பள்ளியின் அடுத்த தலைவர்தான் மாப்பிள்ளை பார்க்க வேண்டும். அவளும் ஒழுங்காகக் கீழ்ப்படிந்து நடக்க வேண்டும். தோட்டத்து வேலியைத் தாண்டி அந்தக் காலமும் உள்ளே வந்துதான் இருந்தது.

மாதந்தோறும் 20ஆம் தேதி நண்பர்கள் கூட வேண்டும் என்பதும் அந்த உயிலில் உண்டு. சுமார் இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, இத்தாலியில் பிலோடெமஸ் என்ற கவிஞர் செல்வந்தரான பிஸோவை அந்த 20ஆம் தேதிச் சாப்பாட்டுக்குத் தன் எளிய வீட்டுக்கு அழைத்திருக்கிறார்.