தாது வருஷத்துக்குப் பிறகு பிறந்தவர்கள்

1871-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தில் சுமார் 22 லட்சத்து 66 ஆயிரம் பேர் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து, 1881-ல், 21 லட்சத்து 68 ஆயிரம். அதற்கடுத்த பத்தாண்டில் அதுவே 26 லட்சத்தைத் தாண்டிவிட்டது. திண்டுக்கல், பெரியகுளம், ராமநாதபுரம், சிவகங்கை எல்லாம் சேர்ந்திருந்த பழைய மாவட்டம் அது. முதலில் தேய்ந்து, பிறகு ஐந்தில் ஒரு பங்கு வளர்ந்த அந்த இருபது ஆண்டுகளுக்கு நடுவே நிற்கிறது, 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம்.

பெரிய போர் முடிந்ததும் பிறப்பு ஏன் கூடுகிறது என்று கேட்டால் அமெரிக்காவையும் ஜப்பானையும் காட்டுவார்கள். நமக்கு அந்த உதாரணம் பொருந்தாது. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம். ஏறத்தாழ 40 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில் அது சிறு பங்கு. அத்தனை பேரும் வீடு திரும்பினாலும் நாட்டின் பிறப்புக் கணக்கு அசையப் போவதில்லை. மதுரைச் சீமை கண்ட பெருஞ்சாவு பட்டினியாலும் காலராவாலும் வந்தது. ஆனால் பேரழிவுக்குப் பின் பிறப்பு மீளும் விதத்தை அறிய, போர்க்களத்தைவிட இந்தப் பஞ்சம் நமக்குத் தெளிவாகப் பாடம் சொல்கிறது.

1876-ல் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டின் நடுவிலும் மழை கைகொடுக்கவில்லை. தானிய விலை ஏறியது, கஞ்சித்தொட்டிகள் திறந்தன. குஞ்சரத்தம்மாள் என்ற பெண்மணி தன் சொத்தை விற்று ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய கதையை மதுரையில் இன்றும் சொல்கிறார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கான கூலியும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று, நிவாரணத்தை மேற்பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் முடிவு செய்தார். கல் உடைக்கும் உடலுக்கு அது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். கார்னிஷ் சொன்னதுதான் சரி. அந்தக் கூலியைக் குறைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கிராம முன்சீப்புகள் எழுதிவைத்த பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் விடுபட்டவை ஏராளம். ஆனாலும் எண்ணிக்கை எந்த மாதத்தில் ஏறியது, எந்த மாதத்தில் இறங்கியது என்பதை அவற்றிலிருந்து படிக்க முடியும். மாகாணத்தில் சாவு உச்சத்தைத் தொட்டது 1877-ல். பிறப்பு அடிமட்டத்தைத் தொட்டது 1878-ல். பசி உச்சத்தில் இருந்தபோது கருவுறாதவர்களின் கணக்கு ஒன்பது மாதம் தள்ளித்தான் ஏட்டில் ஏறும். தெற்காசியப் பஞ்சங்களை ஆராய்ந்த மக்கள்தொகையியலாளர் டிம் டைசன் இன்னொன்றையும் கவனித்தார். சாவு பெருகுவதற்கு முன்பே, தானிய விலை ஏறத் தொடங்கியதுமே, கருத்தரிப்பு குறையத் தொடங்கிவிடுகிறது. வரப்போவதை ஊர் முன்கூட்டியே உணர்ந்துவிடுகிறது. கல்யாணங்கள் தள்ளிப்போகின்றன, ஆண்கள் பிழைப்புத் தேடிப் புறப்படுகிறார்கள், பெண்களின் உடல் இளைக்கிறது.

பஞ்சம் தணிந்ததும் பிறப்பு எகிறியது ஏன்? இழந்த பிள்ளைக்கு ஈடாக இன்னொன்று பெற்றார்கள் என்பது பலர் சொல்லும் விளக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏற்றத்தின் பெரும்பகுதிக்கு ஆசை தேவையே இல்லை. பெண்ணுடலின் கால அளவுகளே போதும்.

குழந்தை பால் குடிக்கும்போது மார்பில் எழும் தூண்டல் நரம்பு வழியே மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸை எட்டுகிறது. பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் கூடுகிறது. சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களுக்கு ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் துடிப்புகள் மங்குகின்றன. முட்டை முதிர்வதில்லை, மாதவிலக்கு வருவதில்லை. இரவும் பகலும் அடிக்கடி தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை மடியில் இருக்கும் வரை அடுத்தது சுலபமாகத் தங்காது என்பது நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்ததுதான். கருத்தடை இல்லாத அந்தக் காலத்தில் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி விட்டது பெரும்பாலும் இந்தத் தாய்ப்பால்தான்.

கணக்குக்காக நூறு மனைவியரை எடுத்துக்கொள்வோம். கர்ப்பம் ஒன்பது மாதம், பால் கொடுப்பதால் மாதவிலக்கு நிற்கும் காலம் பதினைந்து மாதம், மறுபடி கருத்தரிக்கச் சராசரியாக எட்டு மாதம் என்றால், சாதாரண நாளில் சுமார் 28 பேர் கர்ப்பிணிகள், 47 பேர் மாதவிலக்கு திரும்பாத தாய்மார்கள். கருத்தரிக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள் மிச்சமுள்ள 25 பேர்தான். பஞ்சம் ஓராண்டு நீண்டால் புதிதாகக் கருவுறுவோர் வெகுவாகக் குறைகிறார்கள். ஏற்கெனவே வயிற்றில் இருந்தவையும் பிறந்தோ கலைந்தோ போகின்றன. கைக்குழந்தை இறந்தால் பால் நிற்கிறது. பால் நின்றால் அடுத்த சில வாரங்களில், உடலில் தெம்பு இருந்தால், மாதவிலக்கு திரும்புகிறது. மழை பெய்து, கம்பும் கேழ்வரகும் விளைந்து, பெண்கள் உடம்பு தேறும்போது, அந்த நூறில் 70, 80 பேர் ஒரே நேரத்தில் கருவுறும் நிலையில் இருப்பார்கள். யாரும் கூடுதலாக ஒரு பிள்ளைக்கு ஆசைப்படாவிட்டாலும், அடுத்த சில மாதங்களின் கருத்தரிப்பு வழக்கத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்காகும்.

ஏட்டில் பிறப்பு விகிதம் என்று துள்ளி எழும் கோட்டுக்கு அடியில் கிடப்பவை, தாய்ப்பால் மறக்கும் முன்பே மண்ணுக்குப் போன பிள்ளைகள். ஊர் செழிப்பாக மீண்டுவிட்டது என்று அந்தக் கோட்டை வைத்துச் சொல்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். சுமந்து, பறிகொடுத்து, உடம்பு தேறுவதற்குள் மீண்டும் சுமந்த பெண்களின் கணக்கு அது.

வேறு காரணங்களும் கூடின. பஞ்சம் கிழவர்களையும் குழந்தைகளையும்தான் அதிகம் கொண்டுபோகும். எஞ்சியவர்களில் பிள்ளை பெறும் வயதினரின் பங்கு கூடுவதால், ஆயிரம் பேருக்கு இத்தனை பிறப்பு என்ற கணக்கும் தானே உயரும். தள்ளிவைத்த கல்யாணங்கள் அடுத்தடுத்த முகூர்த்தங்களில் நடந்தன. கங்காணிகளோடு இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். ஆகவே 1891-ன் 26 லட்சத்தை முழுக்கப் பிறப்பின் கணக்கில் எழுதக் கூடாது. சாவு குறைந்ததற்கும் ஊர் திரும்பியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இதே கணக்கைப் போருக்கும் போட்டுப் பார்க்கலாம். கணவன் போர்முனையில், மனைவி ஊரில். பசிக்குப் பதிலாகப் பிரிவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், முதல் உலகப் போர் முடிந்த 1918-ல், சுமார் 6 லட்சத்து 63 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. வீரர்கள் திரும்பிய பின், 1920-ல், 9 லட்சத்து 57 ஆயிரத்துக்கும் மேல். ஜப்பானில் 1947 முதல் 1949 வரை ஆண்டுக்கு 26 லட்சத்துக்கும் மேல் பிறந்து, அதன் பிறகு எண்ணிக்கை சரிந்தது. இவை குறுகிய துள்ளல்கள். தேங்கியது தீர்ந்ததும் அடங்கிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் கர்ப்பமும் தாய்ப்பாலுமாக இருப்பதால், உடனே ஒரு சிறு பள்ளம்கூட விழலாம். அமெரிக்காவின் கதை வேறு. 1945-ல் 28.6 லட்சமாக இருந்த பிறப்பு மறு ஆண்டே 34 லட்சமானது, அங்கேயும் நிற்காமல் 1957-ல் 43 லட்சம் வரை ஏறியது. பன்னிரண்டு ஆண்டு நீண்ட ஏற்றத்தை வீடு திரும்பிய சிப்பாய்களை வைத்து விளக்க முடியாது. நிலையான வேலை, சீக்கிரமே நடந்த கல்யாணம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. போரில் சேராத சுவீடனிலும் 1940-களில் பிறப்பு உயர்ந்தது.

ஆசையின் பங்கை அளந்து பார்த்த ஆய்வும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் நோபிள்ஸ், ஃபிராங்கன்பெர்க், தாமஸ் என்ற மூவர் ஆய்வு செய்தார்கள். பிள்ளையை இழந்த தாய்மார்கள் மறுபடி பெற்றுக்கொண்டது எதிர்பார்த்ததுதான். சாவு அதிகமாக இருந்த ஊர்களில், அதுவரை பிள்ளை பெறாத பெண்களும் சீக்கிரமே பெறத் தொடங்கியதுதான் புதிய செய்தி. தன் வீட்டு இழப்பை மட்டுமல்ல, ஊரின் இழப்பையும் அவர்கள் ஈடுகட்டினார்கள்.

அதே அலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர், இரண்டோ மூன்றோ போதும் என்று முன்பே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தாது வருஷத்துப் பெண்ணுக்கு உடம்பு தேறினால் போதும், கரு தங்கிவிடும். இவர்களுக்கோ வெட்டிக் கட்டிய கருக்குழாயை மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. அந்த அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்து தர அரசு முன்வந்தது. செய்துகொண்டு மறுபடி தாயானவர்களும் உண்டு. ஆனால் குழாயை இணைத்தவர்கள் எல்லோருக்கும் கரு தங்குவதில்லை. முதல் ஆபரேஷனில் குழாய் எவ்வளவு மிச்சம் விடப்பட்டது, தாய்க்கு இப்போது என்ன வயது என்பவற்றைப் பொறுத்தது அது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். கருத்தடை செய்துகொள்ளும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இன்றும் அது ஆபரேஷன்தான், அதுவும் முப்பது வயதுக்குள்ளேயே.