விருந்துக்குப் பின் வரும் வலி

கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தவருக்கு இரவு பதினோரு மணி வாக்கில் மேல்வயிறு வலிக்கத் தொடங்கினால், வீட்டில் எல்லாரும் ஒருமனதாகச் சொல்வது “வாய்வு” என்பதுதான். ஓமத் தண்ணீர் வரும், சோடா வரும், பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவார்கள். விடிவதற்குள் வலி தானாகவே அடங்கிவிடும். நல்ல பெயர் ஓமத்துக்குப் போய்ச் சேரும். இப்படி நாலைந்து தடவை வந்து போன பிறகுதான் பலருக்குத் தங்கள் பித்தப்பையில் கல் இருப்பது தெரியவருகிறது.

பித்தப்பை கல்லீரலின் அடிப்பக்கத்தில், வலது விலா எலும்புகளுக்குக் கீழே ஒட்டியிருக்கும் சிறிய பை. நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர், கொள்ளளவு 30 முதல் 50 மில்லி. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்தான். அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கிச் சேர்த்துவைப்பது மட்டுமே பையின் வேலை. சாப்பிட்ட கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்தை எட்டியதும், குடல் சுவரிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. அது வந்து சேர்ந்ததும் பை சுருங்கி, பித்தநீரைக் குடலுக்குள் தள்ளுகிறது.

பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிஞ்சினால் படிகமாகப் படியும். பை சரியாகச் சுருங்காவிட்டால் அந்தப் படிகம் அங்கேயே தங்கிக் கல்லாக வளரும். பெண்களுக்கு, அதிலும் கர்ப்ப காலத்தில், இதற்கு வாய்ப்பு அதிகம். நாற்பதைத் தாண்டியவர்கள், உடல் பருத்தவர்கள் பட்டியலில் இருப்பது பலருக்குத் தெரியும். பட்டினி கிடந்து மளமளவென்று எடையைக் குறைத்தவர்களும் இருப்பதுதான் தெரியாது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதையும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்குப் பிலிருபின் சேர்ந்து கறுப்புக் கற்கள் உருவாகும். சின்னக் குழந்தைக்குக்கூட வரும்.

கல் இருக்கிறது என்பதாலேயே நோய் இருக்கிறது என்று ஆகிவிடாது. கல் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் எண்பது பேருக்கு அது எந்தத் தொல்லையும் தருவதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்து, அறிக்கையில் கல் என்று பார்த்துக் கலங்கிப்போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. பை சுருங்கும்போது கல் போய் அதன் வாயை அடைத்துக்கொண்டால்தான் வம்பு.

அப்போது வரும் வலியை அடையாளம் காண, எங்கே வலிக்கிறது என்பதைவிட எவ்வளவு நேரம் வலிக்கிறது என்று பார்ப்பதே நல்லது. வலி நெஞ்சுக்குழியிலும் இருக்கலாம், வலது விலாவுக்குக் கீழும் இருக்கலாம். கொழுப்பான சாப்பாட்டுக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில் தொடங்கும். சிறிது சிறிதாக ஏறி உச்சத்தைத் தொட்டதும் அங்கேயே நிற்கும். விட்டு விட்டுப் பிடிக்காது. குறைந்தது அரை மணி, கூடிப்போனால் ஐந்தாறு மணி நேரம். ஏப்பம் விட்டாலும், காற்றுப் பிரிந்தாலும், புரண்டு படுத்தாலும் மாற்றம் இராது. குமட்டும், வாந்தி வரும். வாந்தி எடுத்த பிறகும் வலி குறையாது. கல் நகர்ந்து வழி விட்டால் வலி இறங்கிவிடும், அடுத்த தடவை வாரங்கள் கழித்தோ மாதங்கள் கழித்தோ வரும்.

இந்த வலி வலது தோள்பட்டைக்கும் தாவும். பித்தப்பையை ஒட்டிய உதரவிதானத்துக்கு உணர்வு தரும் நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து இறங்கி வருகிறது. தோளுக்குப் போகும் நரம்புகளும் தண்டுவடத்தில் அதே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை குழம்பிப்போகிறது. தைலம் தேய்த்தும் தீராத தோள்வலி சாப்பாட்டையொட்டி வந்தால் வயிற்றையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் வயிறு உப்புசம், புளித்த ஏப்பம், மந்தம், நெஞ்சுக் கரிப்பு இவற்றை மட்டும் வைத்துப் பித்தப்பைமேல் பழி போடக் கூடாது. இவை கல் இல்லாதவர்களுக்கும் ஏராளமாக வருகின்றன. இதற்காகப் பையை எடுத்துவிட்டு, அப்புறமும் அதே உப்புசத்தோடு அலைகிறவர்கள் உண்டு.

இன்னொரு பக்கம் மாரடைப்பு. இதயத்தின் அடிப்பாகத்தைத் தாக்கும் மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவும் வாந்தியாகவும் வேடம் போட்டு வரும். சர்க்கரை நோயாளிக்கு, புகைபிடிப்பவருக்கு, வியர்த்துக் கொட்டுபவருக்கு முதலில் ஈசிஜி, பிறகு மற்றதெல்லாம்.

வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டியும் நிற்கிறது, காய்ச்சலும் சேர்கிறது என்றால் பை வீங்கிப் புண்ணாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். மருத்துவர் வலது விலாவின் விளிம்புக்கடியில் விரல்களை வைத்து அழுத்தியபடி, “நல்லா மூச்சை இழுங்க” என்பார். கல்லீரலோடு பித்தப்பையும் கீழிறங்கி விரலில் முட்டும். நோயாளிக்குப் பாதி மூச்சிலேயே சுருக்கென்று நின்றுவிடும். சிகாகோ அறுவை நிபுணர் ஜான் மர்ஃபியின் பெயரால் வழங்கும் இந்தச் சோதனைக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை. வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியும் காய்ச்சலும் லேசாகவே தெரியலாம். அவர்கள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலே கூட்டிக்கொண்டு போவது நல்லது.

கல் பையை விட்டு நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்துக்குப் போகும், மலம் வெளுத்துச் சுண்ணாம்புபோல் இருக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். நம் ஊரில் மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லிதான். வைரஸ் கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே தணிவதால் கீழாநெல்லிக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. குழாயில் கல் அடைத்து வரும் காமாலைக்கு அடைப்பை எடுத்தாக வேண்டும். பச்சிலை குடித்துக் காத்திருக்கும் நாட்களில் உள்ளே சீழ் பிடிக்கும். வலி, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், காமாலை மூன்றும் கூடி வந்தால் பித்தக்குழாயில் கிருமித்தொற்று என்று 1877இலேயே பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ எழுதிவைத்தார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை இது. அதே கல் கணைய வாயருகே சிக்கினால் வலி முதுகைத் துளைக்கும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். இதுவும் உயிருக்கு ஆபத்தானது.

வலியே இல்லாமல் காமாலை நாளுக்கு நாள் கூடி, உடல் மெலிந்துகொண்டே வந்தால் கல்லைவிடப் புற்றுநோய்மேலேயே சந்தேகம் அதிகம். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

கைமருத்துவத்தில் வாழைத்தண்டுச் சாற்றுக்குத் தனி இடம். சிறுநீரகக் கல்லுக்குச் சொன்னதைப் பித்தப்பைக் கல்லுக்கும் குடிக்கிறார்கள். பித்தப்பைக்கும் சிறுநீருக்கும் தொடர்பே கிடையாது. எத்தனை குடம் தண்ணீர் குடித்தாலும் இந்தக் கல் அந்த வழியாக வெளியேறாது. ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் குடித்தால் பச்சைக் கற்கள் மலத்தோடு விழும் என்கிற வைத்தியமும் உலாவுகிறது. விழுவது உண்மைதான். அப்படி விழுந்தவற்றை நியூசிலாந்து மருத்துவர்கள் சோதித்து 2005இல் லான்செட் இதழில் எழுதினார்கள். குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்புக் கட்டிகளாகத் திரண்டிருந்தது. பித்தப்பைக் கல் அதில் எதுவும் இல்லை.

தொல்லை தரத் தொடங்கிய கல்லுக்கு, பையையே எடுத்துவிடுவதுதான் நிலையான சிகிச்சை. 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகச் செய்தது அது. இப்போது வயிற்றில் சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பி முறையில் செய்கிறார்கள். பை போனபிறகு பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரே குடலுக்கு வரும். சிலருக்குக் கொஞ்ச காலம் வயிற்றுப்போக்கு இருக்கலாம். பெரும்பாலானவர்கள் வழக்கம்போலவே சாப்பிடுகிறார்கள்.

கல்லைக் கண்டுபிடிக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே சிறந்தது. சில கற்கள் சிடி ஸ்கேனில்கூடத் தப்பிவிடும். போகும்போது ஆறு முதல் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போங்கள், பாலோ காப்பியோ கூட வேண்டாம். சாப்பிட்டுவிட்டால் பை சுருங்கிவிடும், கல் கண்ணில் படாமல் போகலாம். மருத்துவரிடம் “கேஸ் பிடிச்சிருக்கு” என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல், வலி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு விட்டது என்பதை மட்டும் சொல்லுங்கள்.